புயலை எதிர்நோக்கிய நகரம்



உங்கள் பாட்டனார் வீட்டுப் பரணில் ஒருவேளை ஓர் அரிக்கேன் விளக்கு கிடக்கலாம். மின்விளக்கு வராத நாளில் மாட்டுவண்டியின் அடியில் தொங்கியதும், இரவில் வயலுக்கு நீர் பாய்ச்சப் போனவர் கையில் ஆடியதும் அவ்விளக்கே. கண்ணாடிக் கூண்டுக்குள் சுடர் எரிவதால் காற்று அதனை எளிதில் அணைக்க முடியாது. கடும்புயலைக் குறிக்கும் ‘ஹரிக்கேன்’ என்ற ஆங்கிலச் சொல்லே நம் மக்கள் வாயில் ‘அரிக்கேன்’ ஆயிற்று. அந்த ஆங்கிலச் சொல்லுக்கும் மூலம் வேறு. மேற்கிந்தியத் தீவுகளில் வாழ்ந்த தைனோ என்னும் பழங்குடி மக்களின் சொல்லை ஸ்பானியர் எடுத்துக்கொண்டனர். ஸ்பானியரிடமிருந்து அது ஐரோப்பிய மொழிகள் பலவற்றுக்கும் பரவியது. இவ்வாறு கடல் பல கடந்து ஒரு புயலின் பெயர் நம் வண்டிக்கு அடியில் வந்து தொங்கியது.

இன்று நான் கூற வந்தது விளக்கின் கதையன்று. அந்தப் புயலின் கதை. புயல் என்றால் எவரும் அஞ்சுவர். ஆனால் கடலுக்கு வெகுதொலைவில், மலைகளின் நடுவே அமைந்த ஒரு பெருநகரம், ‘இவ்வாண்டாவது புயல் வாராதா?’ என்று ஏங்கி நின்றிருக்கிறது. அதே நகரம் அதே புயலால் ஆயிரக்கணக்கான மக்களை இழந்தும் இருக்கிறது. மெக்சிகோ நாட்டின் வடகிழக்கில், நுவோ லியோன் மாநிலத்தின் தலைநகராக விளங்கும் மான்டெர்ரே என்பதே அந்நகரம். அச்சமும் ஆசையும் ஒரே பொருளின்மீது செல்லும்போது மனிதன் எவ்வாறு நடந்துகொள்கிறான் என்பதை அந்நகரத்தின் வரலாறு நமக்குக் காட்டுகிறது.

முதலில் தேசப்படத்தை விரித்துக்கொள்வோம். மெக்சிகோவின் கிழக்கே மெக்சிகோ வளைகுடா. அக்கரைக்கு இணையாக உள்நாட்டில் வடக்கும் தெற்குமாக ஓடுவது கிழக்கு சியெர்ரா மாத்ரே என்னும் மலைத்தொடர். அத்தொடரின் அடிவாரத்தில், கடலிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில், மான்டெர்ரே அமைந்திருக்கிறது. ஊரின் கிழக்கே குதிரைச் சேணம் போல நடுவில் வளைந்த ஒரு மலை உண்டு. ‘சேண மலை’ என்றே அதற்குப் பெயர். 1596ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள் தியேகோ தெ மோந்தெமாயோர் என்ற ஸ்பானியர் இவ்வூரை நிறுவினார். அவர் ஏன் இவ்விடத்தைத் தேர்ந்தார்? சாந்தா லூசியா என்ற பெயருடைய ஊற்றுகள் அங்கே சுரந்துகொண்டிருந்தன. சுற்றிலும் வறண்ட நிலம். நடுவே இனிய ஊற்று. நீர் இருந்த இடத்தில் ஊர் எழுந்தது. உலகத்துப் பழைய ஊர்கள் பலவற்றின் பிறப்பும் இவ்வாறுதான்.

ஊருக்கு ஊற்று மட்டுமன்று, ஓர் ஆறும் உண்டு. சாந்தா கத்தரீனா என்னும் அவ்வாறு, மேற்கே ஊவாஸ்தேகா என்ற மலை இடுக்கிலிருந்து வெளிப்பட்டு, நகரத்தின் நடுவே கிழக்கு நோக்கிச் செல்கிறது. ‘செல்கிறது’ என்று சொன்னேன். ஆனால் ஆண்டின் பெரும்பகுதியில் அங்கே செல்வதற்கு நீர் இராது. அகன்ற கற்படுகை ஒன்று வெயிலில் காய்ந்து கிடக்கும். நம் நாட்டில் வைகையையும் பாலாற்றையும் கோடையில் பார்த்தவர்களுக்கு இக்காட்சியை விளக்கவேண்டியதில்லை.

மான்டெர்ரேயில் ஆண்டொன்றுக்குப் பெய்யும் மழை சுமார் 600 மில்லிமீட்டர். அதுவும் ஆண்டு முழுவதும் பரவிப் பெய்வதில்லை. மே, ஜூன் திங்களில் ஓரளவு பெய்யும். ஜூலை, ஆகஸ்டில் ‘கனீகுலா’ என்று அம்மக்கள் அழைக்கும் உலர்ந்த கடுங்கோடை வந்து நிற்கும். பின்னர்ச் செப்டம்பரில் மழை உச்சம் அடையும். இந்தச் செப்டம்பர் மழையின் பெரும்பங்கு கடலிலிருந்து வரும் கொடையாகும். அட்லாண்டிக் கடற்பகுதியில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயற்பருவம் என வகுத்திருக்கின்றனர். அப்பருவத்தில் வெதுவெதுப்பான கடல்நீரிலிருந்து எழும் ஆவியை உண்டு புயல்கள் வளர்கின்றன. நம் வங்கக் கடலில் ஐப்பசி கார்த்திகையில் தோன்றும் புயலும் மெக்சிகோ வளைகுடாவின் ஹரிக்கேனும் பெயரில் வேறாயினும் இயல்பில் ஒன்றே.

புயல் கரையைக் கடந்ததும் அதன் காற்று விரைவில் தளர்கிறது. ஏனெனில் அதற்கு உணவாகிய கடல் அடியில் இல்லை. ஆனால் அது சுமந்துவந்த நீராவி உடனே ஒழிந்துவிடுவதில்லை. அந்த ஈரக்காற்று மேற்கே நகர்ந்து சியெர்ரா மாத்ரே மலைமீது மோதுகிறது, மோதி மேலேறுகிறது, மேலேறிக் குளிர்கிறது, குளிர்ந்து கொட்டுகிறது. எனவே கடற்கரையில் காற்றாக அழித்தது, மலையடிவாரத்தில் மழையாக இறங்குகிறது. புயல் தன் வழியில் சற்றே வடக்கே திரும்பினால் அம்மழை வேற்று நாட்டிற்குப் போய்விடும். தெற்கே திரும்பினால் வேற்று மாநிலத்திற்குப் போய்விடும். சரியான இடத்தில் கரையேறி, மெதுவாக நகர்ந்தால் மட்டுமே மான்டெர்ரேக்கு நீர். ஒரு நகரத்தின் வாழ்வு இவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது.

அந்நூல் இருபுறமும் அறுக்கும் வாளும் ஆகும் என்பதை ஊர் மக்கள் 1909இல் அறிந்தனர். அவ்வாண்டு ஆகஸ்டு 27ஆம் நாள் இரவும் அதனை அடுத்த நாளும், வளைகுடாவிலிருந்து வந்த ஒரு புயலின் மழை மலைகளில் கொட்டியது. காய்ந்து கிடந்த சாந்தா கத்தரீனா இரவிருளில் பெருகி எழுந்தது. ஆற்றின் தென்கரையில் சான் லூயிசீத்தோ என்றொரு குடியிருப்பு. பிழைப்புத் தேடி சான் லூயிஸ் பொத்தோசி என்னும் பகுதியிலிருந்து வந்த தொழிலாளர்கள் அங்கே வாழ்ந்தனர். நல்ல மேட்டுநிலம் வாங்க வசதியற்றவர்கள் ஆற்றோரத்தில் குடியேறுவது எந்த நாட்டிலும் காணும் நிகழ்ச்சி. அவர்களுடைய வீடுகள் வரிசை வரிசையாக வெள்ளத்தில் சென்றன. இறந்தவர் தொகை 4000 அளவில் இருக்கும் என்றும், அதற்கும் மேல் என்றும் கணக்கிடுகின்றனர். அந்நாளில் நகரத்தின் மக்கள்தொகையோ 80000ஐ எட்டவில்லை. இருபது பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் ஓர் ஊர் தன் மக்களை இரண்டொரு நாளில் இழந்தது என்றால் அத்துயரத்தின் அளவை எண்ணிப் பாருங்கள்.

எனினும் நகரம் நின்றது, நின்றதோடன்றி வளர்ந்தது. 1890இலேயே அங்கே பெரிய மதுவடிப்பு ஆலை ஒன்று தோன்றியிருந்தது. 1900இல் இரும்பு உருக்கு ஆலைக்கான நிறுவனம் அமைந்தது. ஆலைக்குப் புட்டி வேண்டும் என்பதால் 1909இல் கண்ணாடித் தொழில் நிறுவனம் எழுந்தது. ஒரு தொழில் மற்றொரு தொழிலை ஈன்றது. மெக்சிகோவின் தொழில்துறைத் தலைநகரம் என்று பெயர் பெறும் அளவிற்கு மான்டெர்ரே உயர்ந்தது. இரும்பை உருக்கவும், மது காய்ச்சவும், கண்ணாடி வார்க்கவும் நீர் வேண்டும். அத்தொழில்களை நாடி வந்த மக்களுக்கும் நீர் வேண்டும். மோந்தெமாயோர் கண்ட ஊற்றுகள் இவ்வளவு பேரின் தாகத்தை எவ்வாறு தீர்க்கும்?

மலையடிவாரத்துச் சுண்ணாம்புப் பாறைகளில் கிணறுகள் தோண்டினர். நிலத்தடியில் சுரங்கக் கால்வாய்கள் அமைத்தனர். அவையும் போதாதபோது அணைகளின்பால் கருத்தைச் செலுத்தினர். 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் வட மெக்சிகோ முழுவதையும் ஒரு நீண்ட வறட்சி வாட்டியது. அதன் பின்னர், 1963இல், நகரத்திற்கு அருகே ‘லா போகா’ அணை கட்டி முடிந்தது. ‘வாய்’ என்பது அப்பெயரின் பொருள். அது கொள்ளும் நீர் சுமார் 40 மில்லியன் கன மீட்டர். அந்த வாய் சிறியதாயிற்று. 1984இல் லினாரெஸ் என்னும் ஊருக்கு அருகே, நூறு கிலோமீட்டருக்கு அப்பால், ‘செர்ரோ பிரியெதோ’ அணை எழுந்தது. அதன் கொள்ளளவு 300 மில்லியன் கன மீட்டர். அதுவும் போதவில்லை. 1994இல் ‘எல் குச்சில்யோ’ என்னும் பேரணை பயன்பாட்டிற்கு வந்தது. அதன் கொள்ளளவு 1100 மில்லியன் கன மீட்டருக்கும் அதிகம். 1963க்கும் 1994க்கும் இடையில், முப்பத்தோர் ஆண்டுகளில், அணையின் அளவு ஏறத்தாழ இருபத்தெட்டு மடங்கு பெருகியிருப்பதை மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

இந்த மூன்றாம் அணையைப் பற்றி ஒரு செய்தி கூறவேண்டும். அது நகரத்தைவிடத் தாழ்வான இடத்தில், சான் ஜுவான் ஆற்றின் குறுக்கே, சீனா என்ற பெயருடைய ஓர் ஊருக்கு அருகில் இருக்கிறது. மான்டெர்ரேயின் மலைகளில் பெய்த மழை சாந்தா கத்தரீனா வழியே ஓடிச் சான் ஜுவானில் கலந்து இந்த அணையை அடைகிறது. ஓடிய நீரை மீண்டும் நூறு கிலோமீட்டர் குழாயில் ஏற்றி, எந்திர வலிமையால் மேட்டுக்கு இறைத்து, நகரத்திற்குக் கொண்டுவரவேண்டும். வீட்டு வாசலில் பெய்ததைக் கீழூருக்கு விட்டுவிட்டு, பின்பு கூலி கொடுத்துச் சுமந்து வருவதைப் போன்றது இது. மற்றொரு சிக்கலும் உண்டு. அந்த ஆற்றை நம்பி, கீழ்ப்புறத்துத் தமௌலிபாஸ் மாநிலத்தில் உழவர்கள் வாழ்கின்றனர். அணை கட்டிய சில ஆண்டுகளுக்குள்ளேயே வறட்சி வந்தது. மேலே தேக்கினால் கீழே பயிர் வாடும் என்று அவர்கள் முறையிட்டனர். 1996இல் இரு மாநிலங்களுக்கும் நடுவண் அரசுக்கும் இடையே நீர்ப்பகிர்வு உடன்பாடு ஏற்பட்டது. மேல்மடைக்காரருக்கும் கடைமடைக்காரருக்கும் உள்ள வழக்கு நமக்கும் புதிதன்று.

இவ்வளவு அணைகள் கட்டியும், அவற்றை நிரப்புவது எது? புயலே. ஆகையால் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில் நகரம் கிழக்கே நோக்கியது. 1988 செப்டம்பரில் கில்பர்ட் என்ற புயல் வந்தது. கடலின்மேல் இருந்தபோது அதன் மையத்தில் காற்றழுத்தம் 888 மில்லிபார் வரை தாழ்ந்தது; அட்லாண்டிக் புயல்களில் அதுகாறும் அவ்வளவு தாழ்ந்த அழுத்தம் பதிவானதில்லை; 2005இல் வில்மா என்னும் புயலே அதனை விஞ்சியது. ஜமைக்காவைத் தாக்கி, யுக்கத்தான் தீபகற்பத்தைக் கடந்து, செப்டம்பர் 16ஆம் நாள் தமௌலிபாஸ் கரையில் ஏறியது கில்பர்ட். அதன் மழை மலைகளில் இறங்கிற்று. சாந்தா கத்தரீனா மீண்டும் எழுந்தது.

ஆனால் 1909க்கும் 1988க்கும் இடையே அந்த ஆற்றுக்கு என்ன நேர்ந்திருந்தது? எண்பது ஆண்டுக்காலம் பெரும்பாலும் வறண்டு கிடந்த படுகையை மக்கள் வெற்று மனையாகக் கருதத் தொடங்கியிருந்தனர். ஆற்றுக்குள்ளேயே பந்தாட்டத் திடல்கள் அமைத்தனர். கரையின் இருபுறமும் பெருஞ்சாலைகள் போட்டனர். வெள்ளம் வந்த இரவின் பின் விடியலில் அவ்வழியே வந்த பயணிகள் பேருந்துகள் சில வெள்ளத்தின் நடுவே சிக்கிக் கவிழ்ந்தன. அவர்களைக் காக்கச் சென்ற காவலர் சிலரும் மாண்டனர். நகரத்தில் இறந்தோர் இருநூறு பேர் அளவினர் என்பர். ஆற்றை மறந்தவர்களுக்கு ஆறு தன்னை நினைவூட்டியது. அந்நினைவூட்டலின் விலை மிகக் கொடியது.

ஆயினும் மனிதன் பாடம் கற்பதே இல்லை என்று கூறுவது நியாயமாகாது. கில்பர்ட்டுக்குப் பின்னர், ஊவாஸ்தேகா மலை இடுக்கின் மேற்பகுதியில் ஒரு புதுவகை அணையை எழுப்பினர். ‘ரோம்பேபீகோஸ்’, அதாவது ‘உச்சத்தை உடைப்பது’ என்று அதற்குப் பெயர். நீரைச் சேமிப்பது அதன் நோக்கமன்று. அதன் அடியில் எப்போதும் திறந்தே இருக்கும் வழியொன்று உண்டு. சாதாரண நீர் தடையின்றிச் செல்லும். பெருவெள்ளம் வந்தால் அவ்வழி முழுவதையும் உடனே விடாது. ஒரே மணி நேரத்தில் வரவிருந்ததைப் பல மணி நேரங்களாகப் பிரித்து அனுப்பும். இவ்வாறு வெள்ளத்தின் உச்சம் உடைகிறது.

அந்த அணைக்கு 2010இல் தேர்வு வந்தது. ஜூன் 30ஆம் நாள் அலெக்ஸ் என்னும் புயல் கரையேறியது. மான்டெர்ரேயைச் சுற்றிய மலைப்பகுதிகளில் சில இடங்களில் ஓராண்டில் பெய்யவேண்டிய மழை மூன்று நாட்களுக்குள் பெய்தது. கில்பர்ட்டினும் பெரிய மழை. ஆற்றோரப் பெருஞ்சாலைகள் இரண்டும் நெடுந்தொலைவு அரித்துப் போயின, பாலங்கள் சிதைந்தன, ஆற்றுக்குள் இருந்த திடல்களும் கடைகளும் சுவடின்றி மறைந்தன. ஆனால் உயிரிழப்போ கில்பர்ட்டில் நேர்ந்ததில் ஒரு சிறு பங்கே. மலை இடுக்கில் நின்ற அணையும், முன்கூட்டியே விடுத்த எச்சரிக்கையும், மக்களை அப்புறப்படுத்திய ஏற்பாடும் நூற்றுக்கணக்கானோரைக் காத்தன. 1988இல் சிந்திய கண்ணீர் வீண்போகவில்லை. வரலாறு பயன்படும் விதம் இதுவே.

இனிக் கதையின் மறுபக்கத்தைப் பார்ப்போம். வெள்ளத்திலிருந்து கற்ற அளவிற்கு வறட்சியிலிருந்து அந்நகரம் கற்றதா? அலெக்ஸ் அணைகளை நிரப்பிச் சென்றது. அதன் பின்னர் 2011இல் தொடங்கி 2013 வரை கடும் வறட்சி. ஆற்றில் நீரின்மையால், தெற்கே வெகுதொலைவில் உள்ள பானூக்கோ ஆற்றிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கும் நீண்ட குழாய் அமைக்கலாம் என்று ஒரு திட்டம் பேசப்பட்டது. 2013 செப்டம்பரில் இங்கிரித் என்ற புயல் வந்து மழை தந்தது. அணைகளில் நீர் ஏறியது, கவலை இறங்கியது. அத்திட்டத்தைச் செலவு மிகுதி என்று சிலர் எதிர்த்தனர். இயற்கைக்குக் கேடு என்று வேறு சிலர் எதிர்த்தனர். பல்லாண்டு விவாதத்திற்குப் பின் அது கைவிடப்பட்டது. அத்திட்டம் நல்லதா தீயதா என்பது வேறு வினா. அதற்கு மாற்றாக எதைச் செய்தார்கள் என்பதே நாம் கேட்கவேண்டிய வினா. பழங்குழாய்களில் கசிந்து வீணாகும் நீரை அடைப்பதும், ஆலைகள் பயன்படுத்திய நீரைத் தூய்மையாக்கி மீண்டும் பயன்படுத்துவதும், நிலத்தடி நீரை அளந்து எடுப்பதும், வறட்சி நாளில் உணரும் அவசரத்தோடு வளமான நாளில் நடைபெறவில்லை.

அதன் விளைவை 2022இல் அறுவடை செய்தனர். அதற்குள் மான்டெர்ரேயும் சுற்றியுள்ள நகர்களும் சேர்ந்து 53 லட்சம் மக்கள் வாழும் பரப்பாக வளர்ந்துவிட்டன. அவ்வாண்டு பிப்ரவரியில் மாநில அரசு வறட்சி நெருக்கடி நிலையை அறிவித்தது. மார்ச்சு முதல் ஒவ்வொரு பகுதிக்கும் வாரத்தில் ஒரு நாள் குழாய் நீர் நிறுத்தப்பட்டது. ஜூனில் காலை 4 மணி முதல் 10 மணி வரை மட்டுமே நீர் என்று அறிவித்தனர். மேட்டிலுள்ள தெருக்களுக்கு அந்த ஆறு மணி நேர நீரும் ஏறவில்லை. 300 மில்லியன் கன மீட்டர் கொள்ளும் செர்ரோ பிரியெதோ அணையில் நூற்றில் ஒரு பங்கு நீர்கூட இல்லை. வெடித்த சேற்றின்மேல் படகுகள் சாய்ந்து கிடந்தன. குடங்களும் வாளிகளும் ஏந்தி மக்கள் லாரிகளுக்குக் காத்து நின்றனர். பொறுமையிழந்து சாலைகளை மறித்தனர்.

பஞ்சம் வரும்போது பங்கீட்டின் குறைகள் வெளிப்படும். சொந்தக் கிணற்றிலிருந்து நீர் எடுக்க உரிமம் பெற்ற ஆலைகள் இயங்கிக்கொண்டிருந்தன. ஏழைக் குடியிருப்பில் குழாய் காற்றைத் துப்பியது. மக்கள் கேள்வி எழுப்பினர். ஆலைகள் சில தம் பங்கில் ஒரு பகுதியை நகரத்திற்கு விட்டுக்கொடுத்தன. நீர் இல்லாத வடபகுதியில் மது உற்பத்தி தொடரலாகாது, நீர் உள்ள தென்பகுதிக்குச் செல்லட்டும் என்று நாட்டின் குடியரசுத் தலைவரே பேசினார். நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் எத்தொழில் நகரத்திற்குப் புகழ் தந்ததோ, அத்தொழிலை நோக்கியே விரல் நீண்டது.

அந்நாட்களில் நகரம் முழுவதும் வானிலை அறிக்கையைக் கேட்டு வாழ்ந்தது. விமானங்களைக் கொண்டு மேகத்தில் மருந்து தூவிப் பார்த்தனர். மழைக்காக வழிபாடுகள் நிகழ்ந்தன. ஆகஸ்டு வந்தது, புயற்பருவத்தின் நடுப்பகுதி. அட்லாண்டிக் கடலோ அசையாமல் கிடந்தது. பெயர் சூட்டும் அளவிற்கு வளர்ந்த புயல் ஒன்றுகூட அந்த ஆகஸ்டில் தோன்றவில்லை. 1997க்குப் பின் அவ்வாறு ஓர் ஆகஸ்டு கழிந்தது அதுவே முதன்முறை. திங்களின் மூன்றாம் வாரத்தில் வளைகுடாவின் மேற்கில் ஒரு தாழ்வு நிலை உண்டாயிற்று. கரையை நோக்கியும் வந்தது. இதோ வருகிறது என்று எல்லோரும் எதிர்பார்த்தனர். அது புயலாக வளராமலேயே கரைந்துபோயிற்று. வேறு ஊர்களில் ‘நல்லவேளை’ என்று மூச்சுவிடத்தக்க அச்செய்தி மான்டெர்ரேயில் ஏமாற்றமாயிற்று. செப்டம்பரில் பெய்த மழை ஓரளவு ஆறுதல் தந்தது. எல் குச்சில்யோவிலிருந்து இரண்டாம் குழாய் ஒன்றை விரைந்து அமைத்து 2023இல் நீர் விட்டனர்.

2024 ஜூனில், பருவம் தொடங்கிய மூன்றாம் வாரத்திலேயே, அல்பெர்த்தோ என்றொரு புயல் வந்தது. அதனை ஹரிக்கேன் என்று வகுக்கும் அளவிற்குக்கூட அதன் காற்று வலிமை பெறவில்லை. ஆனால் அது அகன்று பரந்த புயல். மழையைத் தாராளமாகச் சுமந்து வந்தது. ஜூன் 20ஆம் நாள் தம்பீக்கோ நகருக்கு அருகே கரையேறிற்று. சில நாட்களுக்குள், ஒட்டிக் கிடந்த செர்ரோ பிரியெதோ அணை ஏறத்தாழ நிரம்பியது. லா போகாவின் மதகுகளைத் திறக்கவேண்டியதாயிற்று. மக்கள் அணைக்கரைக்குச் சென்று நீரைக் கண்டு களித்தனர். ஆயினும் அம்மழையிலும் நுவோ லியோனில் சிறுவர் உள்ளிட்ட சிலர் உயிரிழந்தனர். எவருக்கு வாழ்வு, எவருக்குச் சாவு என்று பார்த்துப் பெய்யும் மழை இல்லை.

மாணவர்களே, இவ்வரலாற்றிலிருந்து நான் அறிந்துகொண்டது யாதெனில், மான்டெர்ரேயின் பகை வறட்சியும் அன்று, வெள்ளமும் அன்று, மறதியே. நீரில்லாத ஆண்டுகளில் ஆறு இருந்ததை மறந்தனர். படுகையில் திடல் எழுந்தது. நீருள்ள ஆண்டுகளில் வறட்சி இருந்ததை மறந்தனர். கசியும் குழாய் கசிந்தபடியே இருந்தது. இவ்விரண்டு மறதியும் ஒரே மறதியின் இருமுகங்கள். எங்கே மறக்கவில்லையோ அங்கே உயிர்கள் பிழைத்தன. மலை இடுக்கில் நிற்கும் அந்த அணையே அதற்குச் சான்று. புயல் வரவேண்டும் என்று விரும்புவது குற்றமன்று. தாகம் கொண்டவன் வானத்தைப் பார்ப்பான். ஆனால் வானத்தைப் பார்ப்பது மட்டுமே ஒரு நகரத்தின் நீர்த்திட்டமாக இருக்கலாகாது.

நாமும் வங்கக் கடலைப் பார்த்துக் காத்திருக்கும் மக்களே. ஐப்பசி பிறந்தும் மழை இல்லையேல், ‘கடலில் ஒரு தாழ்வு மண்டலம் வந்தால் நன்றாயிருக்கும்’ என்று திண்ணையில் பேசிக்கொள்கிறோம். அடுத்த திங்களே அது வந்து தெருவில் நீர் நின்றால் வருந்துகிறோம். நான் பள்ளியில் பணியாற்றிய காலத்தில் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒருமுறை எழுந்து, ‘ஐயா, மழை வேண்டுமா வேண்டாமா? பெரியவர்கள் இரண்டையும் சொல்கிறார்களே?’ என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நான் அன்று தக்க விடை கூறவில்லை. இன்று கேட்டால் இவ்வாறு கூறுவேன்: மழையைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு, ஆனால் அது வந்து தங்குவதற்கு இடம் வைத்துவிட்டுக் கேட்கவேண்டும்.

ஆகவே உங்களுக்கு ஒரு சிறு வேலை தருகிறேன். உங்கள் ஊரின் மூத்தவர் ஒருவரை அணுகி, அவர் கண்ட பெருவெள்ளம் எந்தத் தெரு வரை வந்தது என்று கேளுங்கள். அவர் கண்ட கடும் வறட்சியில் எந்தக் கிணறு கடைசிவரை வற்றாமல் இருந்தது என்றும் கேளுங்கள். ஊரில் எத்தனை ஏரி, குளங்கள் இருந்தன, அவற்றுள் இன்று எத்தனை உள்ளன என்று எண்ணுங்கள். இவற்றை ஒரு குறிப்பேட்டில் ஆண்டுடன் எழுதி வையுங்கள். அதனை அடுத்த தலைமுறையிடம் கொடுங்கள். ஆறு எங்கே ஓடும் என்பதை ஆறு மறப்பதில்லை. நாம் மறவாதிருக்க எழுதி வைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.